வாங்காமல் திரும்பிப் போகிற வசதி

“கண்ணு தெரியாதவங்களா? போன் பண்ணச் சொல்லுங்க தம்பி, நாங்களே பார்த்து எடுத்து அனுப்பிடுறோம்.” கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம், அவருடைய கடைத்தளத்தைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடியவில்லை என்று காட்டியபோது அவர் சொன்ன பதில் இது. மனசாரச் சொன்னார். கடை வாசலில் வெள்ளைக் கோலுடன் யாராவது வந்து நின்றால், கல்லாவை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்க் கைபிடித்து அழைத்து வருகிறவர் அவர். அதனால்தான் அந்தப் பதில் எனக்குள் இவ்வளவு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. அலட்சியமாகச் சொல்லியிருந்தால் அங்கேயே மறுத்திருப்பேன். நல்ல மனசோடு வந்த பதிலில் என்ன குறை என்று எடுத்துச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

சிறு வியாபாரிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பதும், ஏற்கெனவே இருப்பதைப் பராமரிப்பதும் என் பிழைப்பு. அக்காவின் கடைத்தளம் 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வேறொருவர் அவசரமாகச் செய்து கொடுத்தது. தீபாவளிக்குப் புதுச் சரக்கை ஏற்ற வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். வேலையைத் தொடங்குமுன் என் கைப்பேசியில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தளத்தைக் கேட்டேன். முதலில் வந்தது தீபாவளிப் போஸ்டர். எத்தனை விழுக்காடு தள்ளுபடி, எந்தத் தேதி வரை, எந்தச் சேலைக்கு என்று எல்லாமே அந்தப் போஸ்டருக்குள் இருக்கிறது. காதில் விழுந்ததோ ‘படம்’ என்று மட்டும். அடுத்து சேலை வரிசை. ‘ஐ.எம்.ஜி. நான்கு, நான்கு, ஏழு, ஒன்று’ என்று கோப்பின் பெயர், அதன் பின் 189 வெள்ளி. விலை தெளிவாகக் கேட்டது; எதன் விலை என்று தெரியவில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஐந்து வட்டங்கள், ஐந்துமே ‘பட்டன்’. முகவரி எழுதும் கட்டங்களில் எது பெயருக்கு, எது அஞ்சல் குறியீட்டுக்கு என்று சொல்ல ஒரு குரலும் இல்லை. இதையெல்லாம் அக்காவிடம் போட்டுக் காட்டியபோதுதான் அவர் போன் பண்ணச் சொன்னார்.

இது அக்கா கடையின் குறை மட்டும் அல்ல. வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025 சோதனையில் 94.8 விழுக்காடு பக்கங்களில், இயந்திரத்தாலேயே கண்டுபிடிக்கக்கூடிய தவறுகள் இருந்தன. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் இதைக் கேட்கும்போது வலி கொஞ்சம் கூடுதல். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அது இருப்பது இந்த வட்டாரத்தில்தான். பார்வையற்றவர்கள் தடவி வழி அறிய, நடைபாதையில் மஞ்சள் ஓடுகள் பதித்த தெருக்கள் இவை. உடம்பு பிடிக்கும் பார்வையற்றவர்கள் காலையும் மாலையும் கோல் தட்டியபடி நம் கடைகளைத் தாண்டித்தான் போகிறார்கள். கடைக்கும் அவர்களுக்கும் நடுவில் நூறு அடிதான் இருக்கும். தளத்தில் அந்த நூறு அடியைக் கடக்க வழியில்லை.

அக்காவின் பதிலை அப்படியே அண்ணனிடம் கொண்டு போனேன். நாள் முழுக்க உட்கார்ந்து தோள் இறுகிப் போகும் எனக்கு உடம்பு பிடிப்பவர் அவர். போர்ட் கிள்ளான் பக்கம் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். நாற்பது வயது வாக்கில் சர்க்கரையால் இரண்டு கண்ணும் போயின. என்னைவிட வேகமாகக் கைப்பேசியைக் கையாளுவார். திரையைப் படித்துச் சொல்லும் அவருடைய ஸ்கிரீன் ரீடர் பேசும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. “அக்கா கடைக்குப் போன் பண்ணி வாங்கலாமே அண்ணே, அதுல என்ன கஷ்டம்?” என்று கேட்டேன். தோளை அழுத்திக்கொண்டே சொன்னார்:

“அக்கா நல்லவங்க தம்பி. அதுதான் கஷ்டம். போன் பண்ணா நான் யாருன்னு சொல்லணும். கண்ணு தெரியாதுன்னு சொல்லணும். எவ்வளவுக்குள்ள வேணும்னு சொல்லணும். கடையில நாலு பேரு நிக்கிறப்ப எனக்காகப் பத்து சேலைய விரிச்சு ஒண்ணொண்ணாச் சொல்லுவாங்க. அவ்வளவையும் கேட்டுட்டு வேணாம்னு எப்படிச் சொல்றது? போன் பண்ணா வாங்கியே ஆகணும் தம்பி.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். “இன்னொண்ணு. வீட்டுல எனக்குப் படிச்சுச் சொல்றது என் வீட்டுக்காரிதான். அவளுக்கே ஒரு சேலை வாங்கணும்னா நான் யாரப் படிக்கச் சொல்றது?”

நான் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. கண் தெரிகிற ஒருவர் இந்தத் தளத்தில் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே அறுபது சேலையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். இரண்டைக் கூடையில் போடுகிறார். கூட்டிப் பார்க்கிறார், இந்த மாதம் முடியாது என்று தோன்றுகிறது, மூடிவிட்டுத் தூங்குகிறார். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. யார் முகமும் வாடவில்லை. தன்னால் எவ்வளவு முடியும் என்பதை ஒருவரிடமும் திறந்து காட்டவில்லை. அடுத்த வாரம் திரும்ப வந்து பார்ப்பார், அப்போதும் வாங்காமல் போகலாம். கடைத்தளம் அவருக்குக் கொடுக்கும் பெரிய வசதியே இதுதான். தொலைபேசி வழி சேலையைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடும். சும்மா பார்த்துவிட்டுப் போவதை மட்டும் கொடுக்காது. உதவி எவ்வளவு அன்பாக வருகிறதோ, அவ்வளவுக்கு மறுப்பதும் கஷ்டமாகிவிடுகிறது. அக்காவின் நல்ல மனசே அண்ணனுக்குத் தடையாக நின்றது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “நான் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவேனா?” என்று வருத்தப்பட்டார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது.

இந்தத் தொலைபேசி வாதம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் கியர்மோ ரோப்ளஸ் என்ற பார்வையற்றவர் 2016இல் டோமினோஸ் பிட்சா மீது வழக்குப் போட்டார். தளத்திலும் செயலியிலும் ஸ்கிரீன் ரீடரை வைத்துக்கொண்டு பிட்சா வாங்க முடியவில்லை என்பது அவர் புகார். கூப்பிட ஒரு தொலைபேசி எண் கொடுத்திருக்கிறோமே என்பது நிறுவனம் வைத்த வாதங்களில் ஒன்று. வழக்கு நடக்கலாம் என்று 2019 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பி, 2021இல் தீர்ப்பு ரோப்ளஸ் பக்கம் வந்தது. அவர் இரண்டு தடவை கூப்பிட்டு, 45 நிமிடத்துக்கு மேல் காத்திருந்து, வெறுத்துப்போய் வைத்துவிட்டதைக் கணக்கில் எடுத்த நீதிபதி, அப்படிக் காத்திருப்பது தளத்தில் வாங்குவதற்கு ஈடாகாது என்றார். சரி, அக்கா கடையில் அந்தப் பிரச்சினை இல்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார். ஆனால் அண்ணன் சொன்ன காரணம் நீதிபதி சொன்னதையும் தாண்டிப் போகிறது. உடனே எடுத்து அன்பாகப் பேசினாலும் அவருக்கு அது தளத்துக்கு ஈடாகவில்லை.

சேலையை வார்த்தையில் விரிப்பது

அக்கா கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. எண்பது சேலைக்கு யார் உட்கார்ந்து எழுதுவது? தளத்தில் அதுவரை இருந்த பெயர்கள் ‘எஸ்.ஆர். 118, பிங்க்’ என்ற மாதிரிதான். பிங்க் என்ற பெயரில் மட்டும் ஒரு வரிசையே இருந்தது. நான் சொன்னேன், “எழுத வேணாம்க்கா. அண்ணன் போன் பண்ணியிருக்காருன்னு நினைச்சுக்குங்க. அவருக்கு எப்படிச் சொல்வீங்களோ அப்படியே சொல்லுங்க, நான் பதிவு பண்ணிக்கிறேன்.” கடை மூடிய பிறகு மேசை விளக்கின் கீழ் ஒரு சேலையை விரித்தார். முதலில் தயங்கினார். அப்புறம் கை ஜரிகையைத் தடவ ஆரம்பித்ததும் வார்த்தை தானாக வந்தது.

“இது ஆரணிப் பட்டு. உடல் மயில்கழுத்து நிறம், கரை அரக்கு. ரெண்டு விரல் அகலக் கரைதான், பெருசா இருக்காது. உடம்பெல்லாம் சின்னச் சின்ன புட்டா, தள்ளித் தள்ளி இருக்கும். முந்தானையில மாங்கா வரிசை. ஜரிகை உறுத்தாது. கனமில்ல, கல்யாண வீட்டுல காலையிலேர்ந்து கட்டிக்கிட்டு நிக்கலாம். ரவிக்கைத் துணி கூடவே இருக்கு, அரக்குல.”

அரை நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடமாகத் தினமும் கல்லாவுக்கு எதிரே நின்று சொல்லிக்கொண்டிருந்ததுதான் இது. தளத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை. வெங்காயத்தோல் நிறம், கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று அவர் வாயிலிருந்து வந்த நிறங்களை அண்ணன் கேட்டால் அவர் கண்ணில் பார்த்து வைத்த நிறம் அப்படியே எழும்பி வரும். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு நிறத்தைவிட அந்த ‘உறுத்தாது’, ‘கனமில்ல’ இரண்டும் முக்கியம். பார்வை இருப்பவருக்கும் போட்டோவில் தெரியாத விஷயம் அது. மயில்கழுத்தை எந்தக் கேமராவும் ஒழுங்காகப் பிடிப்பதில்லை, திரைக்குத் திரை நீலமாகவும் பச்சையாகவும் மாறும்.

இங்கே எனக்கு உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு. படத்துக்குப் பின்னால் மறைவாக வைக்கும் மாற்று உரையில் இவ்வளவையும் திணிக்கக் கூடாது. அங்கே ‘மயில்கழுத்து நிற ஆரணிப் பட்டு, அரக்குக் கரை’ என்பது போதும். மற்ற விவரம் எல்லாரும் படிக்கிற மாதிரி படத்துக்குக் கீழே வெளிப்படையாக இருக்க வேண்டும். பார்வையற்றவருக்கென்று தனியாக ஒளித்து வைக்கிற விவரத்தை நாளடைவில் யாரும் கவனிப்பதில்லை; சரக்கு மாறினாலும் பழசே கிடக்கும். எல்லார் கண்ணிலும் படுவது தப்பாக இருந்தால் யாராவது ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். கூகிள் தேடலும் எழுத்தைத்தான் நன்றாகப் படிக்கிறது. போஸ்டரை எடுக்கச் சொல்லவில்லை. அதில் இருக்கும் தள்ளுபடியும் தேதியும் எழுத்தாகவும் பக்கத்தில் இருந்தால் சரி.

தமிழில் எழுதும் நமக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. அச்சகத்துக்காக பாமினி எழுத்துருவில் அடித்த விளம்பரத்தைச் சில பக்கங்களில் அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்கள். பார்க்கும் கண்ணுக்கு அது தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்று இருக்கும் இடத்தில் கணினிக்குத் தெரிவது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். பார்வையற்றவர் காதில் விழுவதும் அதுதான். அத்தனையையும், கணினி தமிழாகவே படிக்கும் யூனிகோடுக்கு மாற்றினோம். இரண்டாவது, பக்கம் எந்த மொழி என்று உள்ளே அறிவித்திருக்க வேண்டும். அக்காவின் தளம் முழுக்க ஆங்கிலம் என்று அறிவித்திருந்ததால், தமிழ் பேசத் தெரிந்த குரல் கைப்பேசியில் இருந்தும் அது எழுந்து வரவில்லை. நம் ஊர்ப் பக்கங்களில் ஒரே பத்தியில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் வரும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் மொழியைக் குறித்துவிட்டால் குரல் தானாக மாறிக்கொள்ளும். பக்கத்தின் மொழியையும் பகுதிகளின் மொழியையும் குறிக்கச் சொல்லும் விதிகள் இணையத்தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழி சொல்லும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலகளாவிய நெறிமுறையில் இருக்கின்றன. அதன் முதல் பதிப்பு 1999இல் வந்தது, இப்போதைய 2.2 பதிப்பு 2023 அக்டோபரில்.

பொன்னெழுத்தும் சர்க்கரையும்

வெள்ளைப் பின்னணியில் பொன் நிற எழுத்து. நகைக்கடை, கல்யாண மண்டபம், சேலைக்கடை என்று நம்மவர் தளம் எதைத் திறந்தாலும் இதுதான். மங்களகரமாக இருக்கிறது, சரி. ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். வழக்கமான பொன் நிறத்தை வெள்ளையில் வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 2க்கு 1தான் வருகிறது. அதே பொன்னை அரக்கு நிறத்தில் வைத்தால் 5ஐத் தாண்டிவிடும். நிறத்தைக் கைவிடத் தேவையில்லை, பின்னணியை மாற்றினால் போதும். அக்காவுக்கு இது உடனே பிடித்துப்போனது. பட்டுக்கரைக்கு எது எடுக்கும் என்று அவருக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

இதை வெறும் அழகு விவகாரமாக நான் பார்க்காததற்குக் காரணம் உண்டு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடம்தான் அதிகம். சர்க்கரை முற்றினால் விழித்திரையைப் பிடிக்கும். பார்வை ஒரேயடியாகப் போவதற்கு முன் மங்கலாகவும் திட்டுத்திட்டாகவும் குறைகிற காலம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் இருப்பவர்கள் கோல் பிடிப்பதில்லை, மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை எடுப்பதில்லை, யாரிடமும் சொல்வதுகூட இல்லை. தளத்தைத் திறக்கிறார்கள், எழுத்து தெரியவில்லை, மூடிவிடுகிறார்கள். சேலைக்கடைக்கு வரும் ஐம்பது, அறுபது வயது அம்மாக்களில் எத்தனை பேர் அப்படி என்று அக்காவிடம் கேட்டேன். விலைச்சீட்டைக் கை நீளத்துக்குத் தள்ளி வைத்துப் பார்க்கிறவர்களை அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பெருக்கினாலும் எழுத்து உடைந்து பக்கவாட்டில் ஓடாமல் இருக்க வேண்டும், தொடுகிற பட்டன் விரலுக்கு அகப்படுகிற அளவில் இருக்க வேண்டும் என்ற மற்ற விதிகளை அதற்குப் பிறகு நான் விளக்கவே தேவைப்படவில்லை.

சட்டம் இதைச் செய்ய வைக்குமா?

நம் ஊரில் அக்காவுக்கு யாரும் அபராதம் போடப் போவதில்லை. 2008இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 30ஆம் பிரிவு தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றை அணுகும் உரிமையைப் பேசுகிறது. மீறினால் என்ன தண்டனை என்று சட்டம் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்டது, ஆனால் கடைத்தெருவில் அதன் சுவடு தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் 2000இலேயே, சிட்னி ஒலிம்பிக் தளத்தைப் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மேக்வயர் என்ற பார்வையற்றவர் முறையிட்டு, ஏற்பாட்டாளர்கள் அவருக்கு 20,000 டாலர் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவைப் பெற்றார். இங்கேயும் சட்டத்துக்குப் பல் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பெரிய நிறுவனங்களை அது இல்லாமல் அசைக்க முடியாது. அக்கா மாதிரியான கடைகளுக்கு மட்டும் அந்தப் பயத்தைக் காட்ட எனக்கு மனமில்லை. அண்ணன் சொன்ன இரண்டு வாக்கியத்தை எடுத்துச் சொன்னாலே போதுமாக இருந்தது.

பயத்தை விற்கிறவர்களும் வந்தார்கள். மாதம் இவ்வளவு கட்டினால் போதும், ஒரு வரி நிரலைத் தளத்தில் ஒட்டிவிடுவோம், மூலையில் ஒரு சின்ன உருவம் வரும், தளம் தானாகவே எல்லாருக்கும் ஏற்றதாகிவிடும் என்று ஒருவர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். இதே மாதிரி வாக்குறுதி கொடுத்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. மயில்கழுத்தும் மாங்காய் வரிசையும் அந்த ஒரு வரி நிரலுக்கு எங்கிருந்து தெரியும்?

புதுத் தளம் ஓடத் தொடங்கியதும் முகவரியை அண்ணனுக்கு அனுப்பினேன். அடுத்த முறை போனபோது, முப்பது நாற்பது சேலை பார்த்ததாகச் சொன்னார், எதுவும் வாங்கவில்லை. பட்ஜெட் பற்றி நான் கேட்கவில்லை. துவைக்கிற முறையை ஏன் எழுதவில்லை என்று மட்டும் கேட்டார். அக்காவிடம் சொன்னதும் அதையும் சேர்த்தோம். யார் கேட்டது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பணம் கட்டும் இடம்தான் இன்னும் சரியாகவில்லை. கூடை வரை எங்கள் கையில், அதன் பிறகு வங்கியின் பக்கம். அங்கே ஓடும் கடிகாரம் ஸ்கிரீன் ரீடரில் மெதுவாக நகர்கிறவருக்குப் போதவில்லை. நேரம் முடியுமுன் எச்சரித்து, குறைந்தது 20 விநாடி கொடுத்து, ஒரு தொடுதலில் நீட்டிக்க விட வேண்டும் என்பது நெறிமுறை சொல்லும் வழிகளில் ஒன்று. வங்கிக்கு எழுதியிருக்கிறேன்; கடைப் பெயரில் அக்காவும் தனியாக எழுதியிருக்கிறார். எங்கள் கையில் இருப்பதைச் செய்துவிட்டோம்: ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆர் படம் மட்டும் இருந்த இடத்தில் கணக்கு எண்ணையும் கடையின் பதிவுப் பெயரையும் எழுத்தாகப் போட்டு, தொட்டால் நகலாகிற மாதிரி வைத்திருக்கிறோம். ஒரே கைப்பேசியில் தளத்தையும் வைத்துக்கொண்டு அதே திரையில் இருக்கும் கியூஆரை எப்படி ஸ்கேன் பண்ணுவது என்று பார்வையுள்ள வாடிக்கையாளர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வங்கியிடமிருந்து பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.